எந்தக் கிழமை யாருக்கு?

மலையாள ஆவணங்களைத் தமிழில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். கம்பத்தில் குடியிருந்துகொண்டு, மலைக்கு மேலே கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் நிலமோ ஏலத்தோட்டமோ வைத்திருப்பவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் ஏராளம். அவர்கள் பெட்டியில் இருக்கும் ஆதாரம் என்கிற நிலப் பத்திரம், கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது, வில்லேஜ் ஆபீஸ் சான்று எல்லாம் மலையாளத்தில் இருக்கும். அவர்களுக்குப் படிக்கத் தெரிந்ததோ தமிழ் மட்டும். நான் குமுளியில் பிறந்து, அங்கேயே படித்து, மணமாகிக் கம்பத்துக்கு வந்தவள் என்பதால் இரண்டு எழுத்தும் கைக்கு வரும். இதோடு கம்பம்மெட்டுக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டு. அதன் கூலிக் கணக்கும் மருந்துக் கணக்கும், ஸ்டோரில் காய் உலர்த்திய கணக்கும் என் பொறுப்பு. அத்தையை மாதம் இருமுறை தேனிக்கு அழைத்துப்போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நேரத்தைப் பற்றி எழுத வந்தவள் வீட்டுக் கதை பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் என் நேரம் இவர்கள் எல்லோரிடமும்தான் இருக்கிறது, அதனால் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

2022 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் வந்தார். கணவர் இறந்தபின், மேலே இருந்த முக்கால் ஏக்கரை விற்க ஏற்பாடாகியிருந்தது. கிரய ஆதாரத்தின் வரைவு மலையாளத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார். நியாயமான உறுதி அது. 6ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பத்திரப்பதிவு. திங்கள் மாலைக்குள் தமிழாக்கம் தருவதாக ஒப்புக்கொண்டேன். திங்களன்று எங்கள் தோட்டத்தில் காய் எடுப்பு. ஆள் குறைகிறது என்று தெரிந்து நானும் மேலே போய்விட்டேன். இரவு வந்து உட்கார்ந்தபோது, ஆர் கணக்கில் இருந்த நில அளவைச் சென்ட் கணக்குக்கு மாற்றும் இடத்திலேயே கண் சொருகிவிட்டது. ஒரு ஆர் என்பது 2.47 சென்ட், ஓர் எண் தவறினால் ஒரு வீட்டு மனையே தவறிப்போகும் என்பதால் அரைத் தூக்கத்தில் அதைச் செய்ய மனம் வரவில்லை. தாள்களைச் செவ்வாய் மாலைதான் கொடுத்தேன். ஒரு நாள்தானே, நாளைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று நானே ஆறுதலும் சொன்னேன்.

மறுநாள் புதன்கிழமை உத்திராடம். வியாழன் திருவோணம். வெள்ளி மூன்றாம் ஓணம். சனிக்கிழமை நான்காம் ஓணமும் ஸ்ரீ நாராயண குரு ஜெயந்தியும். அதுவே இரண்டாம் சனியாகவும் அமைந்துவிட்டது. ஞாயிறு எப்படியும் விடுமுறை. மலைக்கு மேலே அரசு அலுவலகங்கள் தொடர்ந்து ஐந்து நாள் பூட்டிக் கிடந்தன. வாங்க இருந்தவர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். ஞாயிறு இரவு அவருக்கு விமானம். கிரயம் நின்றுபோயிற்று. பெரியம்மா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. “விடு தாயி, எனக்குக் குடுப்பினை அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, பேசிய கூலியை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து எடுத்து வைத்தார். நான் வாங்கவில்லை. வாங்காததால் எதுவும் சரியாகிவிடவும் இல்லை.

ஓணம் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியாதா? குமுளியில் பள்ளிக்கூட முற்றத்தில் ஆண்டுதோறும் பூக்களம் போட்டு வளர்ந்தவள் நான். தெரியாமல் போனதன்று பிழை. தெரிந்ததை எடுத்து, ஒப்புக்கொண்ட வேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் போனதே பிழை. அப்படி வைத்துப் பார்ப்பதற்கு என்னிடம் ஓர் இடமும் இல்லை, ஒரு நேரமும் இல்லை.

அதற்கு முன்னும் திட்டம் போடாமல் இருந்ததில்லை. தினமும் காலையில் பதினாலு வேலைகளை ஒரு தாளில் எழுதுவேன். இரவுக்குள் ஐந்து முடியும், மிச்சம் ஒன்பதும் மறுநாள் தலையில் ஏறும். புத்தாண்டுக்கு வாங்கும் டைரி பொங்கல் வரை நடக்கும். போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். அது மணி அடிக்கும்போதெல்லாம் கை வேறொன்றில் இருக்கும், அடித்த மணியை அணைப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது. இவற்றில் எல்லாம் ஒரே குறைதான்: என்ன செய்ய வேண்டும் என்று எழுதினேனே தவிர, செய்வதற்கு எந்த நேரம் என் கையில் இருக்கிறது என்று ஒருநாளும் எழுதவில்லை.

வழி காட்டியது சிறுவயதில் பார்த்த ஒரு கூலி நோட்டு.

என் அம்மா இருபது வருடம் ஏலக்காட்டுக்குப் போனவர். குமுளியிலிருந்து அணக்கரை, வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில் விடியுமுன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். சனிக்கிழமை மாலை கூலி. கங்காணி மாமா வீட்டுத் திண்ணையில் ஒரு குண்டு பல்பு எரியும். அதன் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவின் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் படியோரத்தில் இருப்பேன். மாமாவின் நோட்டு நீளவாக்கில் இருக்கும், சிவப்பு பைண்டிங், நடுவில் நூல் தொங்கும். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் நாளுக்கு ஒரு கட்டம். வந்த நாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு. ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்லி, பணத்தை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, எல்லோரும் எழுந்து போவதற்குமுன் பக்கத்தைப் புரட்டி அடுத்த வாரத்தை எடுப்பார்.

அப்போது அவர் கேட்கும் கேள்விதான் இத்தனை வருடம் கழித்து எனக்குப் பயன்பட்டது. எந்தெந்த நாள் வருவாய் என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. “எந்த நாள் வரமாட்ட, அதச் சொல்லு” என்பார். செவ்வாய்க்கிழமை ரேஷன் என்பார் ஒருவர். வியாழக்கிழமை தங்கச்சிக்கு வளைகாப்பு என்பார் இன்னொருவர். குலசாமி கோயில், பிள்ளைக்கு ஊசி, கூடலூரில் ஒரு துக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு பெருக்கல்குறி விழும். குறியெல்லாம் போட்டு முடித்தபின் ஒவ்வொரு நாளின் கீழும் மிஞ்சிய வெற்றுக் கட்டங்களை எண்ணி அடியில் எழுதுவார். அந்த எண்ணைத்தான் தோட்டத்துக்குச் சொல்வார். பன்னிரண்டுக்குக் கீழே போன நாளில் ஜீப் வாடகை கட்டாது; அன்றைக்கு வேண்டிய ஆளை அந்த இரவே அடுத்த தெருவில் தேடிப்போவார். ஏன் மாமா வராத நாளைக் கேட்கிறீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, “வர்றேன்னு சொல்றது வாய்ச்சொல்லு, வரமாட்டேன்னு சொல்றதுதான் கணக்கு” என்றார்.

ஓணத்துக்குப் பிந்திய மூன்று வாரம் இது மனத்தில் ஊறிக்கொண்டே இருந்தது. அக்டோபர் 1ஆம் தேதி, சனிக்கிழமை, அதேபோல் நீளவாக்கில் ஒரு நோட்டு வாங்கி வந்து முதல் பக்கம் எழுதினேன். அன்றிலிருந்து எழுதி வருகிறேன்.

கிழமை என்ற சொல்லுக்கே உரிமை என்றுதான் பொருள். ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப் பொருள் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதே கிழமைதான் இது. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை, திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. ஏழு நாளும் பிறக்கும்போதே யாருக்கோ உரியவையாகத்தான் பிறக்கின்றன என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வாரத்தை எழுத உட்காரும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: எந்த நாள், நாளின் எந்தப் பகுதி, யாருக்கு ஏற்கெனவே உரியது?

ஒரு பக்கத்தில் ஏழு வரிசை போடுகிறேன். ஒவ்வொரு வரிசையும் காலை, பிற்பகல், இரவு என மூன்று கட்டம். ஆக இருபத்தொரு கட்டம். முதலில் பெருக்கல்குறிகள். அத்தையோடு தேனிக்குப் போகும் நாள் காலையும் பிற்பகலும் போய்விடும். மகளுக்குத் தேர்வு இருந்தால் அதற்கு முந்தைய இரவு அவளுடையது. மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் கணினி வேலை கிடையாது. காய் எடுப்பு வந்தால் அது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும்; ஏனென்றால் பறித்த காயை அன்றே ஸ்டோருக்கு அனுப்பியாக வேண்டும், தாமதித்தால் பச்சை நிறம் மங்கும், நிறம் மங்கிய காய்க்குப் புத்தடியிலும் சரி, போடி ஏலத்திலும் சரி, விலை கிடைக்காது. ஒரு சுற்று எடுத்தபின் அடுத்த சுற்றுக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாள் இடைவெளி உண்டு என்பதால் அதை முன்கூட்டியே எண்ணிப் பின்னால் வரும் பக்கங்களில் குறித்து வைத்துவிடலாம். இதைக்கூட நான் முன்பு செய்ததில்லை.

முதல் வாரம் குறிகளை எல்லாம் போட்டுவிட்டு மிஞ்சியதை எண்ணினேன். ஏழு. இருபத்தொரு கட்டமும் என்னுடையவை என்ற நினைப்பில் வருடக்கணக்காக ஊருக்கெல்லாம் நாள் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு உண்மையில் இருந்தது ஏழு கட்டம். சற்று நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் சோம்பலோ திறமைக் குறைவோதான் காரணம் என்று நான் நம்பியிருந்த பல தாமதங்களுக்கு அந்த எண்ணே போதுமான விடையாக இருந்தது.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் குறி போடும் வேலை கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலண்டர் தொங்குகின்றன: ஒன்று தினசரி கிழிக்கும் தமிழ்க் காலண்டர், மற்றது கொல்லம் ஆண்டு போட்ட மலையாளக் காலண்டர். இங்கே ஆவணி பிறக்கும்போது அங்கே சிங்ஙம் பிறந்து புத்தாண்டும் பிறக்கிறது. கீழே அரசு அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. மேலே இரண்டாம் சனி தவிர மற்றச் சனிக்கிழமைகளில் அலுவலகம் உண்டு, ஆகவே கீழே நடக்காத ஒன்றை மேலே முடித்துக்கொள்ள ஒரு நாள் கிடைக்கும். தைப்பொங்கலுக்கு இடுக்கி உள்ளிட்ட ஆறு எல்லை மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஆனால் அது ஒருநாள்தான், நம் பக்கமோ உழவர் திருநாள் முடிய ஒருவரையும் பிடிக்க முடியாது. சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டில் அந்த ஒருநாள் மட்டும் திறக்கப்படுவதால், குமுளி ஜீப்புகளெல்லாம் அங்கே போய்விடும். அன்றைக்குத் தோட்டத்துக்கு வண்டி கேட்பது வீண். ஹர்த்தால் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மழையும் இரண்டு தவணை: ஆனி, ஆடியில் மேலே தென்மேற்குப் பருவம் கொட்டும்போது கம்பத்தில் காற்றும் சாரலுமாக இருக்கும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் கீழேயும் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் இரண்டு காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு நிமிட வேலை. 2022இல் அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இருந்திருந்தால் பெரியம்மாவின் கிரயம் முடிந்திருக்கும்.

மிஞ்சிய கட்டங்களில் வாரத்துக்கு மூன்று பெரிய வேலைகளை மட்டுமே எழுதுகிறேன். ஐந்து எழுதிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதற்குரிய கட்டத்தின் பெயர் இருக்க வேண்டும். ‘இந்த வாரம்’ என்று பொதுவாக எழுதிய வேலை எந்த வாரத்திலும் நடப்பதில்லை. ரசீது ஒட்டுவது, போன் போடுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு ஒரே ஒரு கட்டம். எல்லாம் அதற்குள் நெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு கட்டங்களை வேண்டுமென்றே காலியாக விட்டு, சுற்றிலும் கோடு இழுத்து வைக்கிறேன். மழைக்கும் விருந்தாளிக்கும் காய்ச்சலுக்கும் அவை. அந்த இரண்டையும் வேலைக்குக் கொடுத்த வாரமெல்லாம் உடைந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டையும் தொழிலையும் சேர்த்துச் சுமக்கும் பெண்கள், எல்லோருக்கும் கொடுத்தபின் மிஞ்சுவதுதான் தங்கள் நேரம் என்று நம்பிவிடுகிறோம். பந்தி முடிந்தபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது போலத்தான் இதுவும். நான் இப்போது முதல் பெருக்கல்குறியை ஞாயிறு பிற்பகலில் போட்டு அதில் என் பெயரை எழுதுகிறேன். அத்தையின் மருத்துவருக்கும் மகளின் தேர்வுக்கும் காய் எடுப்புக்கும் முன்னால். அந்த மூன்று மணி நேரம் நான் தூங்குவேன், அல்லது சுருளி ரோட்டில் நடந்துவிட்டு வருவேன், அல்லது ஒன்றும் செய்யாமல் மாடியில் உட்கார்ந்திருப்பேன். முதல் சில வாரம் அத்தை, “ஞாயித்துக்கிழம மதியம் வேலையில்லாமலா இருக்க?” என்று கேட்டார்கள். இப்போது யாராவது அந்த நேரத்தில் தேடி வந்தால், “அவ இன்னைக்கு இல்ல, நாளைக்கு வாங்க” என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது மதிப்பீடு. ஒரு பக்கம் மொழிபெயர்க்க அரைமணி என்று நான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். நன்றாக ஓடிய ஏதோ ஒரு நாளின் நினைவு அது. ஆறு வாரம் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஓரத்தில் குறித்துப் பார்த்தேன். தட்டச்சு செய்த ஆதாரம் பக்கத்துக்கு ஐம்பது நிமிடம். பழைய கையெழுத்து ஆதாரம் ஒன்றரை மணி. இந்த மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். திட்டமிடல் மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வரப்போகும் வேலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போது இடையூறு எதுவும் அதில் வருவதில்லை. போன முறை எவ்வளவு நேரம் பிடித்தது என்ற குறிப்பில் எல்லா இடையூறும் அடங்கியிருக்கும். ஆகவே நான் யோசித்து நேரம் சொல்வதை விட்டுவிட்டு, பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

இது பழக்கமாக நிலைத்ததற்குக் காரணம் என் மன உறுதி என்று சொன்னால் பொய்யாகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுமட்டமாக 66 நாள் ஆகிறது என்று கண்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு. ஆனால் அவர்கள் பார்த்தது தினமும் செய்யும் செயல்களை. வாரம் ஒருமுறை செய்வதற்கு ஆண்டில் 52 வாய்ப்புதான். அந்தக் கணக்கை அப்படியே போட்டால் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிடும், அதற்குள் நோட்டு பரணுக்குப் போய்விடும். ஆகவே வாரப் பழக்கம் தன் காலில் நிற்காது, ஏற்கெனவே வாரந்தோறும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிப்போட வேண்டும் என்பது என் முடிவு. எனக்கு அது கூலி நாள். சனிக்கிழமை மாலை எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்ததும் மேசையும் பென்சிலும் அப்படியே இருக்கின்றன. எழுந்திருக்காமல் அடுத்த நோட்டைத் திறக்கிறேன். இருபத்தைந்து நிமிடம். கூலி நாள் இல்லாதவர்களுக்கு வேறொன்று இருக்கும்: கடை அடைக்கும் நேரம், வாராந்திர எண்ணெய்க் குளியல், பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் அரைமணி. எதுவானாலும் நாம் மறந்தாலும் நடந்தே தீருகிற ஒன்றாக அது இருக்க வேண்டும்.

அதே ஆய்வில் ஆறுதலான இன்னொரு செய்தியும் உண்டு: ஒருமுறை தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. எனக்கும் தவறியிருக்கிறது. பெரிய மாமனார் இறந்தபோது இரண்டு சனிக்கிழமை எழுதவில்லை. அந்தப் பக்கங்களை வெறுமையாகவே விட்டு, மேலே காரணத்தை மட்டும் ஒரு வரி எழுதி வைத்தேன். பின்னால் புரட்டும்போது, ஏன் அந்த மாதம் வருமானம் குறைந்தது என்பதற்கு அந்த வரி விடை சொல்கிறது.

முடியாத வேலையை அடுத்த வாரத்துக்கு அப்படியே தள்ளி எழுதுவதில்லை. அது மறுபடியும் ஒரு கட்டம் கேட்டு வர வேண்டும். வந்தால், அந்த வாரத்தின் மற்ற வேலைகளோடு அதுவும் வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாம் முறையும் கட்டம் கிடைக்காமல் போனால், வேலையைக் கொடுத்தவருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: “அண்ணே, இந்த மாசம் என்னால முடியாது, உத்தமபாளையத்துல ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்டக் குடுத்துருங்க.” இப்படிச் சொன்னால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன். சிலர் போனார்கள். பெரும்பாலோர், நாள் சொன்னால் நடக்கும் என்று நம்பித் திரும்பி வருகிறார்கள். வருமானத்தில் ஏற்றம் பெரிதாக இல்லை; இரவு பதினொரு மணிக்குமேல் விளக்கெரிவது ஏறத்தாழ நின்றுவிட்டது.

புதன்கிழமை காலை உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு பார்வை பார்ப்பேன். மாற்ற வேண்டியதிருந்தால் பென்சிலை அழித்து எழுதுவேன். அவ்வளவுதான், அதைப் பற்றிச் சொல்ல வேறில்லை. வண்ணப் பேனாவும் ஒட்டுத்தாளும் வேண்டியிருக்கவில்லை.

பெரியம்மா போன தை மாதம் திரும்பி வந்தார். நிலத்துக்கு வேறொருவர் விலை பேசியிருந்தார். புதிய வரைவு, ஆறு பக்கம். மஞ்சள் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “எப்பத் தருவ தாயி?” என்று கேட்டார். பழைய நானாக இருந்தால் ரெண்டு நாளில் என்றிருப்பேன். நோட்டைத் திறந்தேன். தட்டச்சுப் பக்கம் ஆறு, ஐந்து மணி நேரம், சரிபார்க்க ஒரு மணி. வெள்ளிக்கிழமை பதிவு என்றார். இரண்டு காலண்டரையும் பார்த்தேன், மேலே வெள்ளி வேலை நாள்தான். புதன் காலையிலும் பிற்பகலிலும் பென்சிலால் அவர் பெயரை எழுதினேன்; தவறினால் இருக்கட்டும் என்று வியாழன் காலைக் கட்டத்தைச் சுற்றியும் கோடு இழுத்தேன்.

அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“இது எம்பேரா?”

“ஆமா பெரியம்மா. புதன்கிழமை உங்களுக்கு.”

விரலை எடுக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பென்சில்ல எழுதுனா அழிஞ்சிரும்ல, பேனாவுல எழுது தாயி” என்றார். மூடியைக் கழற்றி, பென்சில் எழுத்தின் மேலேயே அவர் பெயரை இன்னொரு முறை எழுதினேன்.